கரண்ட் போன நாற்பது நிமிஷம்

கல்கத்தாத் தமிழர்கள் சினிமாவைப் பாதிதான் பார்ப்பார்கள். மீதியை வெங்கடராமன் சொல்லித் தெரிந்துகொள்வார்கள். 1993-ஆம் வருஷத்துக் கோடையில் லேக் மார்க்கெட்டிலிருந்து டாக்குரியா வரைக்கும் இதுதான் நிலைமை.

தூரதர்ஷனில் ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு மாநில மொழிப் படம் போடுவார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தமிழுக்கு முறை வரும். வருவதும் விருது வாங்கின படமாகத்தான் இருக்கும். யாராவது ஒருத்தி பத்து நிமிஷம் பேசாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கும் ஆலாய்ப் பறந்துகொண்டு எங்கள் ஜனங்கள் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவார்கள். நட்ட நடுவில் லோட்ஷெடிங் வரும். கரண்ட் திரும்பும்போது வானத்தைப் பார்த்தவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்று தெரியாமல் தெருவே தவித்துப்போகும்.

இந்தத் தவிப்பில் பெரிய மனிதர் ஆனவர் வெங்கடராமன். எங்கள் பேட்டைக் கேபிள்காரர் செவ்வாயும் சனியும் மாலை ஆறரைக்கு அரை மணி நேரத்தைத் தமிழுக்கு ஒதுக்கியிருந்தார். நிகழ்ச்சியின் பெயர் 'நேயர் கேள்வி'. எந்தப் படத்தில் எத்தனை குதிரை, எந்தப் பாட்டில் கதாநாயகிக்கு என்ன நிறப் புடவை என்று ஃபோனில் கேட்பார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைப் படம் வந்த வாரத்தில் குதிரைகள் தள்ளி வைக்கப்படும். கரண்ட் போன நேரத்தில் கதையில் என்ன நடந்தது என்று அவர் விஸ்தாரமாகச் சொல்வார். முன்பு தமிழ் மன்றத்தின் மாதப் பத்திரிகையில், இப்போது கேபிளில், ஆகப் பதினைந்து வருஷத்தில் 'தெரியாது' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. நான் அவரைப் பார்த்து அதிசயித்ததும் இல்லை. குதிரையை எண்ணுவதற்குப் படிப்பு எதற்கு.

என் பெயர் அலமு. பிறந்தது வளர்ந்தது லேக் மார்க்கெட். கிடர்பூர் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்த தூத்துக்குடிக்காரர் இராஜமாணிக்கம் ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். காப்பிப்பொடிக் கடைக்கு மேல் மாடி. அதில் டைப்பிஸ்ட், உதவியாளர், வங்காளி மொழிபெயர்ப்பாளர் எல்லாம் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் எதிரில் விஜயா உட்கார்ந்திருந்தாள். மன்றத்து மெஸ்ஸில் சமையல் செய்யும் மாரியப்பனின் மனைவி. மாரியப்பன் மூன்று நாளாகப் போலீஸ் காவலில் இருந்தான்.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ஜெயிலுக்கு அனுப்பிருவாங்களாம் சார்," என்றாள். "ஆஸ்பத்திரியில இருக்கற பெரியவரு செத்துட்டா கேசு இன்னும் பெரிசாயிருமாம். அவரு வண்டியை அன்னிக்கு மத்தியானம் தொடவே இல்ல சார். மெஸ்ஸுல தூங்கிட்டு இருந்தாரு."

நடந்தது இதுதான். போன ஞாயிறு மதியம் இரண்டு முப்பத்தைந்துக்கு டாக்குரியா மேம்பாலத்தின் அடியில் நடராஜன் என்ற ரிட்டயர்ட் குமாஸ்தாவை ஒரு பச்சை ஸ்கூட்டர் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். டீக்கடைக்காரர் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டார். வண்டி மன்றத்துச் செயலாளர் ஸ்ரீநிவாஸுடையது. பாங்க் அதிகாரி. ஞாயிறு காலையில் காய்கறி வாங்க மாரியப்பன் அதை எடுத்துக்கொண்டு போவான். போலீஸ் தேடி வந்தபோது அது மெஸ் வாசலில் நின்றது.

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு செக்ரட்டரியே வந்து வண்டியை எடுத்துட்டுப் போனாருன்னு மாரியப்பன் சொல்லுதான்," என்றார் இராஜமாணிக்கம். "வண்டி காலையிலேருந்து மெஸ்ஸுலதான் நின்னுது, நான் வீட்டுல உக்காந்து ஒன்றரை மணிப் படம் பாத்தேன்னு செக்ரட்டரி சொல்லுதாரு. புதன்கிழமை போலீஸுக்கு முழுக் கதையும் சொல்லியிருக்காரு. அதைச் சரிபாக்க சப் இன்ஸ்பெக்டர் சமாத்தார் யாரைக் கூப்பிட்டாரு தெரியுமா?"

"சொல்லாதீங்கோ சார். வெங்கடராமனை."

"அவரேதான். ஒரு எழுத்துப் பிசகாம சரியாயிருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. செக்ரட்டரி வெளியே, சமையக்காரன் உள்ளே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போவதா வேண்டாமா என்பதை இந்தக் குதிரை எண்ணுகிறவரிடமா கேட்பது. ஆனால் எனக்கு ஒரு நினைவு தட்டியது.

"சார், அன்னிக்கு ரெண்டு இருபதுலேர்ந்து மூணு மணி வரைக்கும் எங்காத்துல கரண்ட் இல்லை. டாக்குரியாலயும் இல்லை, அங்கே என் சிநேகிதி இருக்கா. சரியா அந்த நேரத்துலதான் விபத்து. செக்ரட்டரி படத்தை எப்படிப் பார்த்தாராம், தீக்குச்சி வெளிச்சத்திலயா?"

இராஜமாணிக்கம் எழுந்து குடையை எடுத்தார். விஜயாவை மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வரச் சொன்னார்.

டாக்குரியாவில் ஸ்ரீநிவாஸின் கட்டடம் ஆறு மாடி. வாசலிலேயே என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. காவலாளிக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள், ஒரு ஜெனரேட்டர் நின்றுகொண்டிருந்தது.

"கரண்ட் போனா இதுதான் ஓடும் தீதி," என்றார் காவலாளி வங்காளியில். "லிஃப்ட், ஃபேன், டிவி எல்லாம் ஓடும். போன ஞாயிறும் ஓடியது." ஸ்ரீநிவாஸ் அன்று வெளியே போனாரா என்று கேட்டேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள், அது சாப்பாட்டு நேரம் என்று பெருமையாகச் சொன்னார்.

நான்காவது மாடியில் ஸ்ரீநிவாஸ் எங்களை உட்காரச் சொன்னார், விசிறியைப் போடவில்லை. மனைவி சென்னைக்குப் போயிருந்தாளாம். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"கரண்டைப் பிடிச்சுண்டு வந்திருக்கேளாக்கும். ஜெனரேட்டரைப் பார்த்தேளோ? இந்தப் பில்டிங்குல நான் ஒருத்தன்தான் தமிழ். மத்தவா எல்லாம் தூங்கிண்டிருந்தா, நான் உக்காந்து பார்த்தேன். கதை சொல்லட்டுமா? போலீஸுக்கே சொல்லியாச்சு."

"சொல்லுங்க," என்றார் இராஜமாணிக்கம்.

"உப்பளத்துல வேலை பாக்கற பொண்ணு. புருஷன் கப்பல்ல போனவன் திரும்பி வரலை. திடீர்னு அவன் பேர்ல ஒரு கடுதாசி வரது. வந்துடறேன், காத்துண்டிருன்னு. யார் எழுதினதுன்னு அவளுக்குச் சந்தேகம். நடுவுல அந்தப் போஸ்ட்மேன் படகுத்துறையில நின்னு ஒத்துக்கறான். 'அம்மா, நான்தான் எழுதினேன், தினம் வந்து வெறுங்கையோட போறது எனக்குத் தாங்கலை'ன்னு அழறான். இரக்கத்தின் கையெழுத்துன்னா அதுதான். கடைசியில அவ கடுதாசியைக் கிழிச்சு உப்புப் பாத்தியில போட்டுட்டுக் குழந்தையோட பஸ் ஏறிடறா. போறுமா?"

"அருமையா சொன்னீங்க," என்றார் இராஜமாணிக்கம்.

"சமையக்காரன் மேல இவ்வளவு அக்கறை எதுக்கு சார்? வேற ஆள் கிடைப்பான். ஏற்கெனவே பார்த்தாச்சு."

விஜயாவின் முகம் கண்முன் வந்தது. மேஜை மேல் இருந்த பூச்சாடியை எடுத்து அவர் தலையில் போடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். பூச்சாடி பித்தளை. இராஜமாணிக்கம் என் யோசனையைப் புரிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது எனக்கு ஏதோ உறுத்தியது. கீழே வருவதற்குள் பிடித்துவிட்டேன்.

"சார், 'இரக்கத்தின் கையெழுத்து'. செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியில வெங்கடராமன் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நானே பார்த்தேன். எங்கம்மா கண்ணைத் துடைச்சுண்டா, அதனால ஞாபகம் இருக்கு."

"நிச்சயமா?"

"இந்த மாதிரி ஒரு வார்த்தையை ரெண்டு பேர் தனித்தனியா யோசிக்க முடியுமா? ஒருத்தர் யோசிச்சதே ஜாஸ்தி."

இராஜமாணிக்கம் தெருவில் நின்று குடையை விரித்தார். "ஜெனரேட்டர் இருந்த மனுசனுக்குக் கரண்ட் இல்லாதவங்களுக்குச் சொன்ன கதை எதுக்கு? ஆனா அலமு, இது சாட்சி ஆகாது. படத்தையும் பாத்தேன், செவ்வாய்க்கிழமை வெங்கடராமனையும் கேட்டேன், வார்த்தை ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிருவாரு. அந்த நாப்பது நிமிசத்துல வெங்கடராமன் சொல்லாம விட்டது ஏதாவது இருக்கணும். அதைக் கேட்டா இவரு முழிக்கணும். படத்தை முழுசாப் பாத்த ஆளு ஒருத்தன் வேணும். கரண்ட் போகாத இடம் எது?"

"ஹவுரா ரயில்வே காலனி. அவாளுக்குத் தனி லைன்."

பஸ் பிடித்து, லாஞ்சில் கங்கையைத் தாண்டி, ஹவுரா போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. என் அத்தை பிள்ளை சாய் கிருஷ்ணா அங்கே சிக்னல் பிரிவில் இருக்கிறான். மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தான். டிவியில் எது வந்தாலும் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு கதி இல்லை. ஹவுராவுக்கு எங்கள் கேபிள் வராது, அதனால் வெங்கடராமனின் திருவாய்மொழி எதுவும் அவன் காதில் விழுந்திருக்கவும் முடியாது.

"முழுசாப் பார்த்தியாடா?"

"பார்த்தேன் அலமு தீதி. தமிழ் அவ்வளவா புரியலை, கீழே இங்கிலீஷ் போட்டான், படிச்சுண்டே பார்த்தேன். பீஷோன் ஸ்லோ, ரொம்ப ஸ்லோ."

"அந்தப் போஸ்ட்மேன் படகுத்துறையில அழறப்போ வேற யார் யார் இருந்தா?"

சாய் கிருஷ்ணா என்னை விழித்துப் பார்த்தான். "போஸ்ட்மேனா? எந்தப் போஸ்ட்மேன்?"

"கடுதாசியை எழுதினவன்."

"கடுதாசியை எழுதினது மாமியார்காரி. மருமகள் விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பக்கத்தாத்துப் பொண்ணை விட்டு எழுதச் சொல்றா. போஸ்ட்மேன் ஆரம்பத்துல ஒரு தடவை சைக்கிள்ல வந்து மணி அடிச்சான், அப்புறம் ஆளே இல்லை. படகும் இல்லை. படம் பூரா உப்புதான்."

"நன்னா யோசிச்சுச் சொல்லு. தூங்கிட்டியா?"

"தூக்கம்தான் வரலையே மூணு வாரமா. மாமியார் பிடிபடற சீன் பதினைஞ்சு நிமிஷம் ஓடித்து. எப்படி மறக்கும்?"

நானும் இராஜமாணிக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெங்கடராமன் சொல்லாமல் விட்டது எது என்று தேடி வந்தோம். அவர் சொன்ன காட்சியே படத்தில் கிடையாது. அவர் குடியிருப்பதும் லேக் மார்க்கெட். அவர் வீட்டிலும் அந்த நாற்பது நிமிஷம் இருட்டு. தெரியாது என்று சொல்லக் கூசிய மனிதர் தானே ஒரு போஸ்ட்மேனை அழவிட்டிருக்கிறார். தெற்குக் கல்கத்தாவில் யாருக்கும் கரண்ட் இல்லாததால் யாரும் மறுக்கவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரே தமிழர் அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். படத்தின் முதலும் முடிவும் ஊரே பார்த்தது, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

"முடிஞ்சுது சார். சமாத்தார்கிட்டப் போலாம்."

"போயி என்ன சொல்லுவ? காமாலைக்காரன் ஒருத்தன் மாமியாருங்கான், கையெழுத்துப் போட்ட நிபுணரு போஸ்ட்மேனுங்காரு. சமாத்தாருக்குத் தமிழும் தெரியாது, படமும் தெரியாது. உன் அத்தை பையன் வேற. டில்லி தூரதர்ஷனுக்கு எழுதிக் கேட்டா பதில் வர மூணு மாசம் ஆகும். திங்கக்கிழமை கோர்ட்டு. கதை கட்டினவரே தன் வாயால சொல்லணும்."

மூன்று மணிக்கு வெங்கடராமனின் வீட்டில் இருந்தோம். சுவர் முழுக்க அவருடைய ஃபோட்டோ. பொன்னாடை போர்த்திய ஃபோட்டோ, போர்த்துவதற்கு முன் குனிந்த ஃபோட்டோ. அவர் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார். அவர் மனைவி உள்ளேயிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள், பாவம்.

"நான் காணாத காட்சியைப் பற்றிக் கருத்துரைப்பதில்லை," என்றார். "பதினைந்து ஆண்டுகால நம்பிக்கை அது."

"அன்னிக்கு உங்க வீட்டுல கரண்ட் இருந்துச்சா?" என்றார் இராஜமாணிக்கம்.

"மின்சாரம் வரும், போகும். கலை உணர்வு போகாது."

"ஒரு சமையக்காரன் உள்ள இருக்கான் ஐயா. நீங்க போட்ட கையெழுத்துனாலதான் இருக்கான்."

"காவல்துறை என் கருத்தைக் கேட்டது, அளித்தேன். அந்தச் சமையல்காரர் யார், எவர் என்று நான் அறியேன்."

அறிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மாரியப்பன் மெஸ்ஸில் சுட்டுப்போட்ட வடையை மன்றத்து விழாக்களில் நாலு நாலாகத் தின்றவர் இவர். நான் வாயைத் திறந்தால் விபரீதமாகிவிடும் என்று தெரிந்து, திறந்துவிட்டேன்.

"போஸ்ட்மேன் அழற சீனைச் சொன்னேளே மாமா, எங்கம்மா அழுதுட்டா தெரியுமோ?"

கேலியாகத்தான் சொன்னேன். வெங்கடராமனின் முகம் மாறிப்போயிற்று. கன்னம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு மேல்துண்டின் நுனியைத் திருகினார்.

"அம்மாவுக்குப் பிடித்திருந்ததா? எந்த இடத்தில் அழுதார்கள்? 'வெறுங்கையோடு' என்ற இடத்திலா?"

தெருவுக்கு வந்ததும் என் ஆத்திரம் வெடித்தது. "கல்லுளிமங்கன் சார். கெஞ்சினாலும் சொல்ல மாட்டார், மிரட்டினாலும் சொல்ல மாட்டார். இவரால மாரியப்பன் ஜெயிலுக்குப் போகணுமா?"

"ஏம்மா, எவனோ எடுத்த படத்துல ஒரு காட்சி நல்லாயிருக்குன்னு சொன்னா, கதை சொன்னவரு எதுக்கு வெக்கப்படுதாரு?"

"பெத்தவர் ஆச்சே."

"அதான். தப்பு பண்ணினீரான்னு கேட்டா இவரு வாயைத் தொறக்க மாட்டாரு. பிள்ளையை வேற ஒருத்தன் கொஞ்சினா தாங்குவாரா, பாப்போம்." இராஜமாணிக்கம் மூலையில் இருந்த பூத்துக்குப் போய் ஸ்ரீநிவாஸுக்கு ஃபோன் செய்தார். ஊரில் ஏதேதோ பேச்சு நடக்கிறது, இன்று நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினராக வந்து படத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் எல்லார் வாயும் அடைபடும், கேபிள்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். காமிரா என்றதும் ஸ்ரீநிவாஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மணிக்கு விஜயா வந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று இராஜமாணிக்கம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் அதை மனப்பாடம் செய்தாள்.

கேபிள்காரரின் ஸ்டூடியோ என்பது புடவைக் கடைக்கு மேல் ஒரு அறை. ஒரு மேஜை, பிளாஸ்டிக் ரோஜா, சிவப்பு டெலிஃபோன், பின்னால் பச்சைத் துணி. ஃபோனில் வருகிறவர்களின் குரல் எல்லோருக்கும் கேட்க ஒரு ஸ்பீக்கர். காமிராவுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் நானும் இராஜமாணிக்கமும் சப் இன்ஸ்பெக்டர் சமாத்தாரும் உட்கார்ந்திருந்தோம். இராஜமாணிக்கம் துறைமுகத்தில் செய்த ஏதோ பழைய உதவிக்காக அவர் மஃப்டியில் வந்திருந்தார். அரை மணி நேரம்தான், அதற்கு மேல் தமிழ் தாங்காது என்று முன்பே சொல்லிவிட்டார். நான் அவர் காதில் வங்காளியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஸ்ரீநிவாஸ் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெங்கடராமன் அவரை வரவேற்றுப் பேசினார். ஸ்ரீநிவாஸ் முதலில் படத்தின் தொடக்கத்தைச் சொன்னார், முடிவைச் சொன்னார். பிறகு நாங்கள் காத்திருந்த இடத்துக்குத் தானே வந்தார்.

"நடுவுல கரண்ட் போயிடுத்துன்னு பல பேர் வருத்தப்பட்டா. நான் புண்ணியம் பண்ணியிருந்தேன், முழுசாப் பார்த்தேன். அந்தப் போஸ்ட்மேன் சீன் இருக்கே. படகுத்துறையில சாயங்கால வெளிச்சம். அவன் கை நடுங்கறது. தொப்பியைக் கழட்டிட்டு அழறான். டைரக்டர்னா அவன்தான் டைரக்டர். இப்படி ஒரு சீனை யோசிக்கறதுக்குப் பெரிய மூளை வேணும். நம்ம ஊர்ல, கல்கத்தாவுல உக்காந்துண்டிருக்கற யாருக்காவது தோணுமா?"

தொப்பியும் சாயங்கால வெளிச்சமும் வெங்கடராமன் சொல்லாதவை. ஸ்ரீநிவாஸ் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். வெங்கடராமன் நாற்காலியில் நெளிந்தார். "தொப்பி இல்லை," என்று முணுமுணுத்தார்.

"இருந்துது சார். நான் பார்த்தேனே," என்றார் ஸ்ரீநிவாஸ் பெரிய மனதோடு.

சிவப்பு டெலிஃபோன் அடித்தது. கீழே இருந்த பூத்திலிருந்து விஜயா. அவள் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் மெஸ்ஸில் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்த ஸ்ரீநிவாஸுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. இவர்களுக்கெல்லாம் காப்பி தானே வந்து மேஜையில் உட்கார்ந்துகொள்கிறது.

"ஐயா வணக்கமுங்க. அந்தப் போஸ்ட்மேன் காட்சியை யோசிச்ச மகராசன் யாருங்க? அவரு பேரைச் சொல்லுங்க. அவருக்கு ஒரு கும்பிடு போடணும்."

காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டைரக்டரின் பெயரைச் சொல்லிவிட்டால் வெங்கடராமனின் பதினைந்து வருஷப் பெருமை பத்திரம், மாரியப்பன் திங்கட்கிழமை ஜெயில். அவர் மேல்துண்டின் நுனியைத் திருகினார். நான் சமாத்தாருக்கு மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு வெங்கடராமனையே பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதரிடம் எனக்கு ஒரு வேண்டுதல் இருந்தது.

"அந்தப் படத்தை இயக்கியவர்..." என்று ஆரம்பித்தார்.

"ஆமாம், அவர் மேதை," என்றார் ஸ்ரீநிவாஸ். "கொடுத்து வெச்ச மூளை."

வெங்கடராமனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை," என்றார். மேடைத் தமிழ் கழன்று விழுந்தது. "படத்துல அப்படி ஒரு சீனே கிடையாது. அன்னிக்கு எங்காத்துல கரண்ட் இல்லை. அந்தப் போஸ்ட்மேனும், படகுத்துறையும், வெறுங்கையும் பூரா என்னோட சொந்தக் கற்பனை. செவ்வாய்க்கிழமை இந்த நாற்காலியில உக்காந்துண்டு நான் பண்ணினது. தொப்பி கிடையாது. தொப்பி இருந்தா சீன் கெட்டுப்போயிடும்."

நான் சமாத்தாரின் காதில் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெங்கடராமன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து விரித்து, ஸ்ரீநிவாஸின் முகத்தைப் பார்த்தார். பட்டு ஜிப்பாவின் கழுத்து நனைந்துவிட்டது.

சமாத்தார் எழுந்து காமிராவைப் பற்றிக் கவலைப்படாமல் மேஜைக்குப் போனார். "இல்லாத தொப்பியை எங்கே நின்று பார்த்தீர்கள் என்று போலீஸ் தானாவில் வந்து சொல்லுங்கள், ஸ்ரீநிவாஸ் பாபு," என்றார் வங்காளியில். தெற்குக் கல்கத்தாத் தமிழர்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று கரண்ட் போகவில்லை.

ஸ்ரீநிவாஸ் போன பிறகும் வெங்கடராமனுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஸ்பீக்கரில் விஜயாவின் விசும்பல் கேட்டது. "ஐயா, நீங்க நல்லாயிருக்கணும் ஐயா," என்றாள். அவர் காமிராவைப் பார்த்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பார்த்தீர்களா நேயர்களே, ஃபோனில் இந்த நேயருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. படைப்பாளிக்கு வேறென்ன வேண்டும்?"

நான் மேஜைக்குப் போய் அவர் கையிலிருந்த ரிசீவரைப் பிடுங்கினேன்.

"விஜயா, நான் அலமு பேசறேன். பூத்துலயே நிக்காதே. ஆத்துக்குப் போய் மாரியப்பனுக்கு ஒரு மாத்து வேஷ்டி சட்டை எடுத்துண்டு நேரா தானாவுக்கு வந்துடு."